நாலரை வயதுப் பையனுக்கு ஏடிஎச்டி மாத்திரை: இப்போதே ஆரம்பிப்பதா, பொறுப்பதா?

மழலைவீடு (திருப்பூர்)

வணக்கம். இந்தப் பகுதியில் மற்றவர்கள் எழுதுவதைப் பல மாதமாக வாசித்து வருகிறேன். இன்று நானே கேட்க வேண்டிய நிலை.

மகனுக்கு நாலரை வயது, யுகேஜி. ஜூலை கடைசியில் பிறந்தவன், அதனால் வகுப்பிலேயே சின்னவன். நடக்க ஆரம்பித்ததிலிருந்து ஓட்டம்தான். ஓரிடத்தில் உட்கார்ந்து சாப்பிட மாட்டான், கதை சொன்னால் பாதியில் எழுந்துவிடுவான். அதெல்லாம் பரவாயில்லை என்றுதான் இருந்தோம். ஆனால் கடைவீதியில் என் கையை உதறிவிட்டு பஸ் வரும் பக்கம் ஓடினான். அப்புறம் ஒருநாள் மொட்டை மாடிக் கைப்பிடிச் சுவர் மேல் ஏறி நின்றுவிட்டான். பக்கத்து வீட்டு அண்ணன் பார்த்துத் தூக்கினார். பள்ளியில் வரிசையில் நிற்க முடியாமல் முன்னால் நிற்கும் பிள்ளைகளைத் தள்ளுகிறான். டைரியில் நோட் வராத வாரமே இல்லை.

கோவையில் குழந்தைகள் மனநல மருத்துவரிடம் காட்டினோம். நீண்ட நேரம் பேசி, எங்களிடமும் மிஸ்ஸிடமும் படிவம் நிரப்பி வாங்கி, ஏடிஎச்டி (கவனம் நிற்காமை, அடங்காத துடிப்பு, யோசிக்காமல் செய்வது) என்று சொன்னார். முதலில் பெற்றோருக்கான பயிற்சி, அது போதவில்லை என்றால் மிகக் குறைந்த அளவில் மெத்தில்ஃபெனிடேட் என்ற மாத்திரை என்பது அவர் கருத்து. பள்ளி நிர்வாகம் வேறு மாதிரி சொல்கிறது: மாத்திரை ஆரம்பித்ததற்கு டாக்டர் கடிதம் கொண்டுவந்தால்தான் ஒன்றாம் வகுப்பில் இடமாம். மார்ச் மாதத்துக்குள் சொல்ல வேண்டும்.

கணவர் ஆரம்பித்துவிடலாம் என்கிறார். மாடிச் சம்பவத்துக்குப் பிறகு அவருக்குத் தூக்கமே இல்லை. மாமியாரோ, "இவங்கப்பனும் இப்படித்தான் இருந்தான், பெரிய பள்ளிக்கூடம் போனா அடங்கிடும்" என்கிறார். நான் நடுவில் நிற்கிறேன். கொடுத்தவர்கள், கொடுக்காதவர்கள், கொடுத்து நிறுத்தியவர்கள் எல்லோரும் உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்.

வெண்தாமரை (சென்னை)

குழந்தைகள் வார்டில் நர்ஸாக இருக்கிறேன் சகோதரி. மருந்தைப் பற்றிப் பேசும் முன் சில கேள்விகள். ராத்திரி குறட்டை விடுகிறானா? வாயைத் திறந்து வைத்துத் தூங்குகிறானா? காது பரிசோதனை ஆகிவிட்டதா? ரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபினோடு ஃபெரிட்டினும் (உடம்பில் இரும்புச்சத்து எவ்வளவு சேமிப்பில் இருக்கிறது என்று காட்டுவது) பார்த்தார்களா? விளையாடும்போது சில நொடி அப்படியே வெறித்துப் பார்த்துவிட்டு, ஒன்றும் நடக்காதது போலத் தொடர்வதுண்டா?

மூக்குக்குப் பின்னால் இருக்கும் அடினாய்டு என்ற சதை வீங்கியிருந்தால் குழந்தைக்கு ஆழ்ந்த தூக்கம் வராது. தூக்கம் கெட்டால் பெரியவர்கள் சோர்ந்து போவோம், சின்னப் பிள்ளைகள் பலர் இன்னும் அதிகமாகத் துள்ளுவார்கள், எரிந்து விழுவார்கள். இரும்புச்சத்து குறைந்தாலும் கவனமும் தூக்கமும் கெடும். வெறித்துப் பார்ப்பது சில பிள்ளைகளுக்கு ஒருவகை வலிப்பாக இருக்கும். இதில் ஒன்று இருந்துவிட்டால் ஏடிஎச்டி இல்லை என்று ஆகிவிடாது, இரண்டும் சேர்ந்தே இருக்கலாம். ஆனால் சரிசெய்யக் கூடியதை முதலில் சரிசெய்துவிட்டால், மிச்சம் எவ்வளவு என்று தெளிவாகத் தெரியும்.

தென்னங்கீற்று (நாகர்கோவில்)

வேண்டாம் அக்கா. தயவுசெய்து இந்த வயதில் வேண்டாம்.

என் மகளுக்கு ஐந்து வயது நடக்கும்போது இதே கதை. நாங்கள் போன இடத்தில் முதல் நாளே ரிஸ்பெரிடோன் சிரப் எழுதிக் கொடுத்தார்கள். பெற்றோர் பயிற்சி என்று ஒன்று இருப்பதையே யாரும் சொல்லவில்லை. பிள்ளை அமைதியானாள், உண்மைதான். மதியம் பள்ளியில் தூங்கினாள், எடை ஏறியது, எதைக் கேட்டாலும் "ம்" மட்டும்தான். பாட்டுப் பாடிக்கொண்டே வீட்டைச் சுற்றுகிறவள் பாடுவதை விட்டுவிட்டாள். வேறு மருத்துவரைப் பார்த்து, அவர் சொன்னபடி படிப்படியாகக் குறைத்து நிறுத்தினோம். இப்போது மூன்றாம் வகுப்பு. மருந்து இல்லை. கஷ்டம் இருக்கிறது, ஆனால் அவள் அவளாக இருக்கிறாள்.

மருந்துப்பெட்டி (திருச்சி)

மருந்தாளுநர் என்ற முறையில் ஒரு விளக்கம். தென்னங்கீற்று மகளுக்குக் கொடுத்தது வேறு, மழலைவீடு அவர்களிடம் டாக்டர் சொன்னது வேறு. ரிஸ்பெரிடோன் ஏடிஎச்டிக்கான அடிப்படை மருந்து அல்ல. கடுமையான ஆவேசம், தன்னைத் தானே அடித்துக்கொள்வது போன்றவற்றுக்கு எழுதுவார்கள். தூக்கமும் எடை கூடுவதும் அதன் தெரிந்த பக்கவிளைவுகள்.

மெத்தில்ஃபெனிடேட் தூங்க வைக்கும் மருந்து அல்ல, ஊக்கி வகை. மூளையின் முன்பகுதியில் டோபமின், நார்அட்ரினலின் இரண்டும் சீக்கிரம் திரும்ப உறிஞ்சப்படாமல் தடுக்கும். 'பொறு, யோசி' என்று நிறுத்திப் பிடிக்கிற வேலையை அந்தப் பகுதி கொஞ்சம் நன்றாகச் செய்யும். சாதாரண மாத்திரை சுமார் நான்கு மணி நேரம் நிற்கும், மெதுவாகக் கரைகிறவை எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரம். உடம்பில் சேர்ந்து நிற்பதில்லை. இதன் பக்கவிளைவுகள் வேறு வகை: பசி குறையும், தூக்கம் தள்ளிப்போகும், வயிற்று வலி, தலைவலி வரலாம். மருந்து இறங்கும் சாயங்கால வேளையில் சில பிள்ளைகள் சிடுசிடுப்பார்கள். நாடித்துடிப்பும் ரத்த அழுத்தமும் சற்று ஏறும். அதனால் குடும்பத்தில் இளவயதில் திடீர் இதய மரணம் உண்டா, பிள்ளை மயங்கி விழுந்ததுண்டா என்று முதலில் கேட்பார்கள். கேட்கவில்லை என்றால் நீங்களே சொல்லிவிடுங்கள்.

ஒரு நடைமுறை விஷயம். மெத்தில்ஃபெனிடேட் எக்ஸ் அட்டவணை மருந்து, அதாவது விற்பனைக்குக் கடும் கட்டுப்பாடு உள்ள பட்டியலில் இருப்பது. மருத்துவர் சீட்டு இரண்டு பிரதி வேண்டும், ஒன்றைக் கடையில் 2 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும். அதற்கான உரிமம் இல்லாத கடையில் கிடைக்காது. எந்தக் கடையில் தொடர்ந்து இருக்கும் என்று முன்கூட்டியே விசாரித்து வையுங்கள்.

ஆறு வயதுக்குக் கீழே கொடுப்பது மருந்தின் அங்கீகரிக்கப்பட்ட வயது வரம்புக்கு வெளியே வருகிறது. மருத்துவர்கள் அப்படி எழுதுவது சட்டவிரோதம் அல்ல, ஆனால் அதற்கான காரணம் வலுவாக இருக்க வேண்டும்.

நிலாமுற்றம் (மதுரை)

நாங்கள் கொடுக்கிறோம். மகன் இப்போது நான்காம் வகுப்பு, ஏழு வயதில் ஆரம்பித்தது. அதற்கு முன்னால் ஓக்குபேஷனல் தெரபி, பெற்றோர் பயிற்சி, டியூஷன் எல்லாம் பார்த்தாகிவிட்டது. வீட்டில் நல்ல மாற்றம் வந்தது, வகுப்பறையில் வரவில்லை. எழுத்தெல்லாம் தெரியும், ஒரு பக்கம் எழுதி முடிக்க மாட்டான். "நான் மக்கு" என்று அவன் வாயாலேயே சொன்ன அன்றுதான் முடிவெடுத்தோம்.

காலை டிபன் சாப்பிட்ட பிறகு 5 மி.கி. என்று ஆரம்பித்து, வாரா வாரம் பார்த்துப் பார்த்துத்தான் டாக்டர் ஏற்றினார். மிஸ்ஸிடம் மருந்து விவரம் சொல்லாமல் தினமும் ஒரு சின்னக் குறிப்பு மட்டும் வாங்கினோம்: வேலையை முடித்தானா, எத்தனை முறை எழுந்தான், சண்டை உண்டா. அந்தக் குறிப்பைப் பார்த்துத்தான் அளவு முடிவானது.

மதிய டப்பா அப்படியே திரும்பி வரும். அதனால் காலையில் மருந்துக்கு முன் இட்லி, முட்டை, பால் என்று வயிறு நிறையக் கொடுத்துவிடுவேன். சாயங்காலம் ஆறு மணிக்குப் பசி திரும்பும், அப்போது ஒரு முழுச் சாப்பாடு, படுக்குமுன் மறுபடி ஒன்று. உயரமும் எடையும் சுவரில் குறித்து வைத்திருக்கிறேன். முதல் வருடம் எடை ஏறவே இல்லை, இப்போது ஏறுகிறது.

அவன் 'பொம்மை' ஆகவில்லை. பொம்மை மாதிரி ஆனால் அளவு அதிகம் என்று அர்த்தம், உடனே வாருங்கள் என்று டாக்டர் முதல் நாளே சொல்லியிருந்தார்.

ஆனால் மழலைவீடு, உங்கள் பையனுக்கு நாலரை. என் மகனுக்கு அந்த வயதில் யாராவது மாத்திரை சொல்லியிருந்தால் நானும் தயங்கியிருப்பேன்.

பொருநைக்கரை (திருநெல்வேலி)

நான் தாத்தா வயதுக்காரன், பேரப்பிள்ளைகளைப் பார்த்துச் சொல்கிறேன். நாலரை வயதில் ஓடாத பிள்ளை எப்போது ஓடும்? எங்கள் காலத்தில் ஐந்து முடிந்து, கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் மறுபக்கக் காதைத் தொட்டுக் காட்டினால்தான் பள்ளிக்கூடத்தில் சேர்ப்பார்கள். இப்போது மூன்று வயதில் பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, உட்காரவில்லை என்றால் நோய் என்கிறார்கள். மருந்து விற்பதற்காகவே உண்டான நோயோ என்று சந்தேகமாக இருக்கிறது. அமெரிக்காவில் செய்த பெரிய ஆய்விலேயே மூன்று ஆண்டு கழித்து மாத்திரை சாப்பிட்ட பிள்ளைக்கும் சாப்பிடாத பிள்ளைக்கும் வித்தியாசம் இல்லை என்று வந்ததாக வாசித்திருக்கிறேன். சர்க்கரையைக் குறைத்து, வல்லாரை கொடுத்து, சாயங்காலம் மண்ணில் விளையாட விடட்டும்.

கரும்பலகை (தஞ்சாவூர்)

ஆரம்பப் பள்ளி ஆசிரியை. ஐயா சொன்னதில் முதல் பாதியை முழுமனதோடு ஒப்புக்கொள்கிறேன். ஒரே வகுப்பில் ஆகஸ்டில் பிறந்த பிள்ளையும் அடுத்த ஜூலையில் பிறந்த பிள்ளையும் இருப்பார்கள். கிட்டத்தட்ட ஒரு வருட வித்தியாசம். ஐந்து வயதில் ஒரு வருடம் என்பது வாழ்நாளில் ஐந்தில் ஒரு பங்கு. பென்சில் பிடிப்பது, வரிசையில் நிற்பது, முறை வரும் வரை காத்திருப்பது எல்லாவற்றிலும் அது தெரியும். அமெரிக்காவில் செப்டம்பர் 1-ஐ வரம்பாக வைத்திருக்கும் மாநிலங்களில், வகுப்பில் கடைசியாகப் பிறந்த ஆகஸ்ட் பிள்ளைகளுக்கு ஏடிஎச்டி என்று முத்திரை விழுவது செப்டம்பர் பிள்ளைகளைவிட 34 விழுக்காடு அதிகம் என்று 2018-ல் ஓர் ஆய்வு வந்தது. நம் ஊரில் ஜூலை 31 வரம்பு. மழலைவீடு மகன் ஜூலைப் பிள்ளை. மிஸ் நிரப்பிய படிவத்தை வாசிக்கும்போது டாக்டருக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

அதற்காக எல்லாம் வயதுக் கோளாறு என்றும் சொல்ல மாட்டேன். நாற்பது சின்னப் பிள்ளைகளில் ஒன்றிரண்டு பேர் மட்டும் வேறு மாதிரி இருப்பது எங்கள் கண்ணுக்குத் தெரியும். மொட்டை மாடிச் சுவர் விஷயம் எனக்குக் கவலை தருகிறது.

அடுத்து பள்ளி போட்ட நிபந்தனை. இதில் எனக்குக் கோபம் வருகிறது. மருந்தை முடிவு செய்ய நாங்கள் யார்? 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 16-ஆம் பிரிவுப்படி, ஒன்றாம் வகுப்பில் சேர்ந்த பிள்ளையை எட்டாம் வகுப்பு முடியும் வரை வெளியேற்ற முடியாது. சேர்க்கையின்போது பிள்ளையையோ பெற்றோரையோ வடிகட்டக் கூடாது என்கிறது 13-ஆம் பிரிவு. தனியார் பள்ளிக்கும் உண்டு (சிறுபான்மை நிறுவனங்களுக்குப் பொருந்தாது). சண்டைக்குப் போகச் சொல்லவில்லை. "மருந்துக் கடிதம் வேண்டும் என்பதை எழுத்தில் கொடுங்கள்" என்று பணிவாகக் கேளுங்கள். பல இடங்களில் பேச்சு அத்தோடு நின்றுவிடும்.

இன்னொரு வழி, யுகேஜியே மறுபடி ஒரு வருடம். சொந்தக்காரர்கள் "ஃபெயிலா?" என்று கேட்பார்கள். கேட்கட்டும். ஐந்து வயதுப் பிள்ளையின் அந்த ஒரு வருடம் பத்தாம் வகுப்பில் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

மழலைவீடு

எல்லோருக்கும் நன்றி. வெண்தாமரை அக்கா, நீங்கள் கேட்டதும் நானும் கணவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். குறட்டை உண்டு. வாய் திறந்துதான் தூங்குவான், தலையணையெல்லாம் நனைந்திருக்கும். சளித் தொல்லை என்று விட்டுவிட்டோம். காது பரிசோதனை செய்தார்கள், நன்றாக இருக்கிறது. ஃபெரிட்டின் பார்க்கவில்லை. வெறித்துப் பார்ப்பது இல்லை.

காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் சனிக்கிழமை டோக்கன் போட்டிருக்கிறோம்.

மருந்துப்பெட்டி

நல்லது. பொருநைக்கரை ஐயாவுக்கு மரியாதையோடு ஒரு பதில்.

இந்தப் பிள்ளைகளைப் பற்றிய வர்ணனை மருந்துக்கு முந்தையது ஐயா. லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற குழந்தை மருத்துவர் 1902-லேயே இப்படிப்பட்ட பிள்ளைகளைப் பற்றி உரையாற்றினார். ஊக்கி மருந்து இவர்களை நிதானப்படுத்துவதை அமெரிக்காவில் சார்லஸ் பிராட்லி 1937-ல் கவனித்து எழுதினார். மெத்தில்ஃபெனிடேட் 1944-ல் சுவிட்சர்லாந்தின் சீபா கம்பெனியில் உருவாகி, 1954-ல்தான் ரிட்டலின் என்று விற்பனைக்கு வந்தது. கம்பெனிகள் விளம்பரத்தால் விற்பனையை ஊதிப் பெருக்கியதும் உண்மை, அதை நான் மறுக்கவில்லை.

நீங்கள் சொன்ன ஆய்வு எம்டிஏ. 1999-ல் முதல் முடிவு வந்தது, ஏழிலிருந்து ஒன்பது வயது வரையுள்ள 579 பிள்ளைகளைச் சிகிச்சை வாரியாகக் குழுக்களாகப் பிரித்தார்கள். கவனமாக அளவு பார்த்துக் கொடுத்த 14 மாதமும் மருந்துக் குழுவின் அறிகுறிகள் நன்றாகவே குறைந்தன. அதன் பிறகு யார் என்ன சிகிச்சை எடுப்பது என்பது குடும்பங்களின் விருப்பத்துக்கு விடப்பட்டது. மூன்றாம் ஆண்டில் குழுக்களுக்குள் வித்தியாசம் மறைந்தது. மருந்து வேலை செய்யவில்லை என்று இதை வாசிக்க முடியாது. ஒரு தடவை கொடுத்துவிட்டால் எதிர்காலம் முழுக்கச் சரியாகிவிடும் என்ற நம்பிக்கைக்கும் இடமில்லை. கொடுக்கிற நாளில் உதவும், கூடவே கண்காணிப்பு தொடர வேண்டும்.

சர்க்கரை பிள்ளைகளைத் துள்ள வைக்கிறது என்பதை 1995-லேயே பல ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள், அப்படி ஒன்றும் தெரியவில்லை. பல்லுக்காகக் குறைக்கலாம். மண்ணில் விளையாடுவதைப் பற்றி எனக்கு மறுபேச்சே இல்லை.

நாலரை வயதுக்கு நேராகப் பொருந்துவது பேட்ஸ் என்ற ஆய்வு, 2006-ல் வெளிவந்தது. மூன்றிலிருந்து ஐந்தரை வயது வரையுள்ள 303 பிள்ளைகளைச் சேர்த்தார்கள். முதலில் எல்லாப் பெற்றோருக்கும் 10 வாரப் பயிற்சி, அது போதாதவர்களுக்கு மட்டும் மருந்து. பலன் இருந்தது, ஆனால் பள்ளி வயதுப் பிள்ளைகளுக்குக் கிடைப்பதைவிடக் குறைவு. பக்கவிளைவு கூடுதல், சுமார் 11 விழுக்காட்டினர் அதனாலேயே விலகினார்கள். தொடர்ந்து சாப்பிட்டவர்கள் ஒரு வருடத்தில், எதிர்பார்த்ததைவிட உயரத்தில் சுமார் 1.4 செ.மீ., எடையில் சுமார் 1.3 கிலோ குறைவாக வளர்ந்தார்கள். நாலு வயதுக் குழந்தைக்கு 1.3 கிலோ சின்ன விஷயம் அல்ல.

பனிக்காலம் (லண்டன்)

இங்கே மருத்துவ வழிகாட்டுதல்களை வகுக்கும் நைஸ் அமைப்பின் 2018 வழிகாட்டுதல் இதைத் தெளிவாகப் பிரிக்கிறது. ஐந்து வயதுக்குக் கீழே பெற்றோர் குழுப் பயிற்சிதான் முதலில். சிறு குழந்தைகளின் ஏடிஎச்டியில் தேர்ந்த இன்னொரு நிபுணரின் கருத்து இல்லாமல் மருந்து கிடையாது. ஐந்துக்கு மேலே என்றாலும் வீட்டிலும் வகுப்பிலும் மாற்றங்கள் செய்து பார்த்து, பிறகும் பிள்ளை கஷ்டப்பட்டால் மருந்து. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கத்தின் 2019 வழிகாட்டுதலும் நாலு, ஐந்து வயதுக்குப் பயிற்சியைத்தான் முதலில் வைக்கிறது. அது போதாமல் பாதிப்பு கடுமையாகவே இருந்தால் மெத்தில்ஃபெனிடேட்டை யோசிக்கலாம் என்கிறது. அதாவது உங்கள் கோவை டாக்டர் சொன்னதும் இதுவும் ஒன்றுதான். அவர் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார் சகோதரி, அவரை விட்டுவிடாதீர்கள்.

என் மகள் ஆறு வயதில் ஆரம்பித்தாள். பத்து வயது வரை மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடை, ஆறு மாதத்துக்கு ஒருமுறை உயரம், நாடி, ரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். இதைக் கேட்டு வாங்குங்கள். அளக்காமல் சீட்டை மட்டும் புதுப்பித்துக் கொடுக்கும் இடம் சரிப்படாது.

நள்ளிரவுவிளக்கு (சென்னை)

எல்லோரும் மருந்தின் ஆபத்தைப் பற்றிப் பேசுகிறீர்கள். மருந்து இல்லாததற்கும் ஓர் ஆபத்து உண்டு என்று சொல்லத்தான் வந்தேன்.

எனக்கு ஏடிஎச்டி என்று தெரிந்ததே முப்பதைத் தாண்டிய பிறகு. பள்ளியில் முட்டி போட்ட நாட்கள், "புத்தி இருக்கு, திமிர்" என்று வாங்கிய அடிகள், பாதியில் விட்ட பட்டப் படிப்பு, இரண்டு பைக் விபத்து. அப்பா நல்லவர், அவருக்குத் தெரிந்த ஒரே மருந்து பெல்ட். அந்தக் காலத்துப் பிள்ளைகள் மருந்தில்லாமல் சரியானார்கள் என்று சொல்லும்போது, சரியாகாமல் போனவர்களை யாரும் எண்ணுவதில்லை.

இப்போது மாத்திரை சாப்பிடுகிறேன். ஒரு வேலையை ஆரம்பித்து முடிக்க முடிகிறது என்பது எவ்வளவு பெரிய நிம்மதி என்று சொல்லி விளங்க வைக்க முடியாது. "சின்ன வயதிலேயே கொடுத்தால் பழக்கமாகி, நாளை போதைக்குப் போவான்" என்று பயப்படுகிறவர்களுக்கு: இதைப் பல ஆய்வுகளில் தொடர்ந்து பார்த்திருக்கிறார்கள், மருந்து சாப்பிட்ட பிள்ளைகளுக்கு அந்த ஆபத்து கூடவில்லை.

நாலரை வயதில் கொடுங்கள் என்று நான் சொல்லவில்லை. 'எப்போதுமே கூடாது' என்று மட்டும் முடிவு செய்துவிடாதீர்கள். மாமியார் "இவங்கப்பனும் இப்படித்தான்" என்றாரே, அதை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள். இது குடும்ப வழியாக மிக வலுவாக வருவது, இரட்டையர் ஆய்வுகளில் சுமார் 74 விழுக்காடு மரபு வழி என்கிறார்கள். உங்கள் கணவரிடமும் ஒருநாள் உட்கார்ந்து கேளுங்கள், அவர் பள்ளிக்கூடம் எப்படி இருந்தது என்று.

தென்னங்கீற்று

நள்ளிரவுவிளக்கு அண்ணா, நீங்கள் எழுதியதை இரண்டு தடவை வாசித்தேன். என் மகளை யாரும் அடிக்க விடுவதில்லை, அது மட்டும் உறுதி.

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். "கண்ணாடி போடுவது மாதிரிதான் இந்த மாத்திரையும்" என்று டாக்டர்கள் சொல்கிறார்கள். கண்ணாடி பசியைக் குறைக்காது, தூக்கத்தைக் கெடுக்காது. பெற்றோரைச் சமாதானப்படுத்த இப்படிச் சொல்வது எனக்குப் பிடிக்கவில்லை. பலன் இவ்வளவு, விலை இவ்வளவு என்று நேராகச் சொல்லட்டும், நாங்கள் தாங்குவோம்.

நிலாமுற்றம்

இதில் நான் உங்கள் பக்கம் தென்னங்கீற்று. எங்கள் டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. "சோதனையாக ஆரம்பிப்போம், பலன் தெரியாவிட்டால் நிறுத்துவோம்" என்றார். நிறுத்தலாம் என்று தெரிந்ததால்தான் எனக்கு ஆரம்பிக்கவே தைரியம் வந்தது. ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் அவர் சொன்னபடி நிறுத்திப் பார்க்கிறோம், இன்னும் தேவையா என்று தெரிந்துகொள்ள.

மணல்வீடு (சேலம்)

பெற்றோர் பயிற்சி என்று எல்லோரும் சொல்கிறீர்கள், அது என்ன என்று யாரும் எழுதவில்லை. அட்வைஸ் வகுப்பு என்று நினைத்துத்தான் நானும் போனேன். அப்படி இல்லை.

தினமும் பத்து நிமிடம், போனைத் தள்ளி வைத்துவிட்டு அவன் விரும்பும் விளையாட்டு. அவன் சொல்வதுதான் சட்டம். நாம் கேள்வி கேட்கக் கூடாது, திருத்தக் கூடாது. ஒரு மாதம் இதுவே. அடுத்து பாராட்டு. "சமர்த்து" என்று பொதுவாகச் சொன்னால் பலன் இல்லை, "கூப்பிட்டதும் வந்தாயே, நல்லது" என்று செய்த காரியத்தைப் பெயர் சொல்லிப் பாராட்ட வேண்டும். கட்டளை ஒரு நேரத்தில் ஒன்றுதான், பக்கத்தில் போய், தோளைத் தொட்டு, கண்ணைப் பார்த்து. சமையலறையிலிருந்து "பல் விளக்கு, ட்ரெஸ் மாத்து, பேக் எடு" என்று கத்தினால் மூன்றும் காற்றில் போகும். வெகுமதி உடனே வேண்டும். 'ஞாயிற்றுக்கிழமை பார்க்கலாம்' என்பது இந்தப் பிள்ளைகளுக்கு அடுத்த ஜென்மம். சின்னச் சின்ன அழும்புகளைக் கண்டுகொள்ளாமல் விடுவது கடைசிப் பாடம், ரொம்பக் கஷ்டமான பாடமும் அதுதான். மாமியார், மாமனார் எல்லோரும் ஒரே மாதிரி நடந்தால்தான் பலிக்கும். பாட்டி பின்வாசல் வழியாக மிட்டாய் கொடுத்தால் அட்டவணை அம்பேல்.

ஆபத்து விஷயம் தனி. அதற்குப் பயிற்சியின் பலன் வரும் வரை காத்திருக்க முடியாது. மாடிக் கதவுக்கு எட்டாத உயரத்தில் தாழ்ப்பாள், ஜன்னலுக்குக் கம்பி, கடைவீதிக்கு இரண்டு பெரியவர்கள். மாத்திரை கொடுத்தாலும் இது வேண்டும், மாலையில் மருந்து இறங்கிவிடும் அல்லவா?

செலவு பயமாக இருந்தால் மாவட்ட அரசு மருத்துவமனையிலோ மருத்துவக் கல்லூரியிலோ டிஇஐசி மையம் (பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளை ஆரம்பத்திலேயே கவனிக்கும் அரசு மையம்) இருக்கும், தெரபி இலவசம். சென்னைப் பக்கம் என்றால் முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் நிறுவனம் இருக்கிறது.

கடல்தாண்டி (துபாய்)

ஒரு சின்னத் தகவல். மருந்து ஆரம்பித்து, விடுமுறைக்கு வளைகுடா நாடுகளுக்கு வருவதாக இருந்தால் பையில் போட்டுக்கொண்டு வந்துவிடாதீர்கள். இங்கே கட்டுப்படுத்தப்பட்ட மருந்து. அமீரகத்துக்கு வருமுன் இந்த நாட்டு அரசின் முன் அனுமதியும் டாக்டர் சீட்டும் வேண்டும்.

பொருநைக்கரை

மருந்துப்பெட்டி தம்பி எழுதியதை நிதானமாக வாசித்தேன். நாலரை வயதுக்கு வேண்டாம் என்பதில் நான் மாறவில்லை, நீங்களும் அதைத்தான் சொல்கிறீர்கள். ஆனால் நள்ளிரவுவிளக்கு எழுதிய பிறகு, ஊரில் என்னோடு படித்த ஒருவன் முகம் கண்ணுக்குள் நிற்கிறது. அவனையும் இப்படித்தான் அடித்தார்கள். எட்டாம் வகுப்போடு லாரியில் கிளீனராகப் போய்விட்டான். கணக்கில் என்னைவிடக் கெட்டிக்காரன்.

மழலைவீடு

எல்லோருக்கும் ஒரு தகவல். அடினாய்டு பெரிதாக இருக்கிறது என்று சொல்லிவிட்டார்கள். முதலில் மூக்கு ஸ்ப்ரே, குறையாவிட்டால் அறுவை சிகிச்சை பற்றிப் பேசலாம் என்றார். ஃபெரிட்டினும் குறைவு, இரும்பு சிரப் ஆரம்பித்திருக்கிறோம். கோவை டாக்டரிடம் எல்லாவற்றையும் சொன்னோம், ஜூலைப் பிள்ளை என்பதையும், மாமியார் சொன்னதையும். இதனால் ஏடிஎச்டி இல்லை என்று அவர் சொல்லவில்லை. ஆனால் இப்போது மருந்து வேண்டாம், பயிற்சி இந்த மாதமே, ஆறு மாதம் கழித்து மறுபடி படிவம், ஆறு வயதை நெருங்கும்போதும் கஷ்டம் இதே அளவில் இருந்தால் மருந்தைச் சோதனையாக ஆரம்பிப்போம் என்றார். கணவர் அவரிடம் தனியாகக் கொஞ்ச நேரம் பேசிவிட்டு வந்தார். மாடிக்கு மேல்தாழ்ப்பாள் போட்டாகிவிட்டது.

பள்ளியில் எழுத்தில் கேட்டோம். கொடுக்கவில்லை. "சரி, பார்த்துக்கொள்ளலாம்" என்றார்கள். ஒன்றாம் வகுப்பா, யுகேஜி மறுபடியா என்பதுதான் இப்போது யோசனை. கரும்பலகை டீச்சர், எதுவானாலும் அடுத்த படிவத்தை எந்த மிஸ்ஸிடம், எப்போது கேட்பது?

கரும்பலகை

ஜூனில் கேட்காதீர்கள். புது மிஸ்ஸுக்கு அப்போது பெயர்கூட மனப்பாடம் ஆகியிருக்காது, முதல் இரண்டு வாரம் எல்லாப் பிள்ளையும் அழும், ஓடும். ஆகஸ்ட் நடுவில் கேளுங்கள். இப்போதைய மிஸ் ஏப்ரலில் வேறு பள்ளிக்குப் போய்விடலாம், அதனால் விடுமுறைக்கு முன்பே அவரிடம் இன்னொரு படிவம் நிரப்பி வாங்கி வையுங்கள். ஸ்ப்ரேயும் இரும்பும் ஆரம்பித்த பிறகு எப்படி இருக்கிறான் என்று அவரால்தான் ஒப்பிட்டுச் சொல்ல முடியும். படிவத்தோடு ஒரு வெள்ளைத் தாளும் கொடுத்து, அவன் எந்த நேரத்தில் நன்றாக இருக்கிறான் என்றும் எழுதச் சொல்லுங்கள். நாங்கள் பெரும்பாலும் தப்பை மட்டும்தான் எழுதுவோம், கேட்டால் மற்றதையும் எழுதுவோம்.